பெரிய ஆட்டத்துக்கு முந்தைய விரதம்

வடக்கு மின்னசோட்டா
செவ்வாய்க்கிழமை மாலை

என் ரெய்னோவுக்கு,

உன் லெம்பி எழுதுவது. இங்கு நான் நலம் என்று எழுதப் பார்த்தேன், பேனா ஓடவில்லை. நீ நலமா? உறைந்த ஏரியின் மேல், அந்த மீன்பிடிக் குடிசையில், நெஞ்சு வலித்தால் கூப்பிட ஓர் ஆள் இல்லாமல் கிடக்கிறாயே, நலமா?

சாமான்களோடு இதையும் பக்கத்து வீட்டு வெஸ்லி கொண்டுவருவான். காபித்தூள், கறுப்பு ரொட்டி, உன் மாத்திரைகள் எல்லாம் வைத்திருக்கிறேன். மாத்திரையை மறக்காதே.

ஞாயிறன்று சர்ச்சில் காபி குடிக்கும்போது ஐனா, "என்னடி, கோச் உன்னை விட்டுட்டு மீனோட குடித்தனம் பண்றாராமே?" என்று கேட்டாள். நானும் சிரித்து வைத்தேன். பிறகு காருக்குள் உட்கார்ந்து அழுது தீர்த்தேன்.

வேறு ஒருத்தி இருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாள் முதல் நீ என்னைத் தொடவில்லை. முதலில் சோபாவுக்குப் போனாய். அப்புறம் சனிக்கிழமை சௌனா நீராவிக் குளியலுக்கும் தனியாகப் போனாய். கல்யாணமான நாளிலிருந்து, சூடான கல்லில் தண்ணீர் ஊற்றி, அந்த ஆவியில் ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்தவர்கள் நாம். அன்று உள்ளே தாழ் போட்டுக்கொண்டாய். தட்டினேன். "போ லெம்பி" என்றாய். கடைசியில் ஏரிக்கே போய்விட்டாய்.

நேற்று உன் உதவிப் பயிற்சியாளன் கர்ட்டிஸ் வந்தான். தரையைப் பார்த்துக்கொண்டே, "கோச்சுக்கு உங்க மேல கோவம் இல்லீங்க. 'பெரிய ஆட்டம் பாக்கி இருக்குடா, பலத்தைச் சேத்து வைக்கணும்'னாரு" என்றான். தலையில் அடித்துக்கொண்டேன். ஐஸ் ஹாக்கிப் பையன்களுக்கு நீ போடும் அதே சட்டம்! ஆட்டத்துக்கு முந்தின ராத்திரி பெண்டாட்டி பக்கம் போனால் பனியில் கால் ஓடாது. நீ ஆடிய காலத்தில் என்னை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாகப் படுத்தாய், கோப்பையும் வாங்கினாய். அட மனுஷா, அன்றைக்கு எதிரணி கோல்கீப்பர் காய்ச்சலோடு நின்றான், அது ஊருக்கே தெரியும்! அந்தச் சட்டத்தை இப்போது உன் இதயத்துக்குப் போட்டிருக்கிறாய். என்னைத் தொடாவிட்டால் சாக மாட்டாய் என்று நினைப்பு.

டாக்டரம்மா இந்தப் பேச்சை எடுத்தபோது, முகம் சிவந்து, பனி எப்போது நிற்கும் என்று கேட்டவன் நீ. அதனால் இன்று வெட்கத்தை விட்டு நானே போய்க் கேட்டேன். "ரெண்டு மாடி மூச்சு வாங்காம, வலி இல்லாம ஏறுவாரா?" என்றார். "மீன் பிடிக்கப் பனிக்கட்டியில துளை போடுறாரு டாக்டர், கையாலயே" என்றேன். அவர் எழுந்தே விட்டார். "ஐயோ, இந்தக் குளிர்ல அந்த வேலைதான் ஆபத்து! உடனே நிறுத்தச் சொல்லுங்க. உங்க பக்கத்துல படுக்கிறதால ஒண்ணும் ஆகாது. பயந்துக்கிட்டு தூக்கமில்லாம தனியாக் கெடந்தாதான் கெட்டுப்போகும்" என்றார்.

ரெய்னோ, உனக்குப் பயமாக இருந்தால் வேறெதுவும் வேண்டாம். உன் கை என் முதுகில் கிடந்தால் போதும். எனக்கும் தூக்கம் போய்விட்டது, ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. இப்படியே இரண்டு பேரும் சாகப் பயந்து, வாழாமலே போய்விடுவோம் போலிருக்கிறது.

சனிக்கிழமை சௌனா மூட்டுகிறேன், டாக்டர் சொன்னபடி மிதமாக. உள்தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்துவிட்டேன்.

முன்பெல்லாம் உன் நெஞ்சில் காது வைத்துத்தான் தூங்குவேன். "என்ன கேக்குது?" என்பாய். "ஆளு இருக்கான்" என்பேன். கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும், தினமும் கேட்கிறேன். ஆனால் அவர் உன் நெஞ்சில் காது வைத்துப் படுக்க மாட்டார். அதற்கு நான்தான் இருக்கிறேன். வந்துவிடு.

உன்,
லெம்பி