மருதப்பனுக்குப் பின்னால் நின்ற கூட்டம்

ஜூன் 5, புதன்

டூட்டி முடிந்து எம்ஆர்டி ரயிலில் வரும்போது இடுப்பின் வலப்பக்கம் லேசாகிவிடுகிறது. துப்பாக்கி அங்கே ஆயுத அறையில், நான் இங்கே. ஆனாலும் உட்காரும்போது வலது முழங்கை கொஞ்சம் விலகியே இருக்கிறது, இல்லாத ஒன்றுக்கு இடம் விட்டு. துணைப் போலிஸில் நாலு வருஷம். காகித இலக்கைத் தவிர எதையும் சுட்டதில்லை. வெளியே மழை. அடுக்குமாடி புளோக்குகள் தண்ணீருக்குள் மிதப்பதுபோல நகர்ந்தன. வீட்டுக்கு தெம்பனிஸில் இறங்காமல் கண்ணயர்ந்து பாசிர் ரிஸ் வரை போய்விட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

என்னோடு ரோந்து வரும் ஹனீபா அண்ணன் ஆஸ்பத்திரியில். என்னால் எழுத முடியவில்லை.

ஜூன் 10, திங்கள்

நேற்று சாயங்காலம் லிட்டில் இந்தியாவில் ரோந்து. என்னோடு எப்போதும் போல ஹனீபா அண்ணன். ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்வாசலிலிருந்து ஒருவன் இறைச்சி வெட்டும் கத்தியோடு இன்னொருவனைத் துரத்திக்கொண்டு வந்தான். மருதப்பன், கட்டுமான வேலை என்று பிறகுதான் தெரிந்தது. துரத்தப்பட்டவன் தப்பி ஓடிவிட்டான். கத்தி எங்கள் பக்கம் திரும்பியது.

துப்பாக்கியை எடுத்தேன். கீழே போடச் சொல்லிக் கத்தினேன். அவன் அழுதுகொண்டே நடந்து வந்தான். குறி அவன் நெஞ்சில். நெஞ்சுக்குப் பின்னால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் — போனில் யாரிடமோ சிரிக்கிறவன், மல்லிகைப்பூ வாங்குகிற பெண். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. சுட்டிருக்கலாம். சட்டம் இடம் கொடுத்திருக்கும். விரல் விசைக்கு வெளியிலேயே நின்றது.

ஹனீபா அண்ணன் தடியோடு பக்கவாட்டில் பாய்ந்தார். கத்தி அவர் வலது கையில் இறங்கியது. ரத்தத்தைப் பார்த்ததும் மருதப்பன் கத்தியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். "அண்ணே, அண்ணே" என்று அவரையே கூப்பிட்டான்.

நான் யோசிச்சேனா? இல்ல, உறைஞ்சு போயிட்டேனா?

ஜூன் 13, வியாழன்

ஆஸ்பத்திரி. அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு விரல் இனி மடங்காதாம். அவர் மனைவி சாதியா அக்கா என்னை உட்காரச் சொல்லவில்லை.

"துப்பாக்கி உங்கிட்டதானே இருந்துச்சு, அமலா?"

வாங்கிப்போன பழங்களை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

விடியற்காலைக் கனவில் நான் சுட்டுவிட்டேன். குண்டு மெதுவாக, மீன் மாதிரி, மருதப்பனைத் தாண்டிக் கூட்டத்துக்குள் நீந்திப் போகிறது. எல்லாரும் மரியாதையாக வழி விடுகிறார்கள். அது யாரையோ தேடுகிறது.

ஜூன் 28, வெள்ளி

விசாரணை முடிந்தது. என் மேல் தப்பில்லை என்றார்கள். துப்பாக்கியை எடுத்ததும் சரி, சுடாததும் சரி. கேட்டதும் நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன்.

ஜூலை 21, ஞாயிறு

மருதப்பன் சிறையில். இன்றும் மழை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

சாதியா அக்கா போன் பண்ணினார். "அந்த இடத்தைக் காட்டுறியா?"

அதே சாயங்கால நேரம். நான் நின்ற இடத்தில் அவரை நிற்க வைத்தேன். மருதப்பன் நின்ற இடத்துக்கு நான் போய்த் திரும்பினேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். ஊதுபத்திப் புகைக்குள் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். முகங்கள் தெளிந்து தெளிந்து கலைந்தன.

கிட்டே போய்ச் சொல்லிவிட்டேன், யோசித்துத்தான் சுடாமல் இருந்தேனா, பயந்தா என்று எனக்கே தெரியவில்லை என்று.

"அவரு கையப் பாக்குறப்பல்லாம் உன் மேல கோவம் வருது. இனியும் வரும்," என்றார். அப்புறம், "நான் நின்னிருந்தாலும் சுட்டிருக்க மாட்டேன்லா."

எம்ஆர்டி வரை சேர்ந்தே நடந்தோம்.

அக்டோபர் 7, திங்கள்

ஆயுத அறை ஜன்னலில் இன்று புது ஆள். ஹனீபா அண்ணன். துப்பாக்கியை இடது கையால் நீட்டினார். நான் திறந்து காலியா என்று பார்த்தேன். அவரும் எட்டிப் பார்த்தார். பிறகு குண்டுகளை ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்தார்.

"பத்திரமா போய்ட்டு வா," என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.