வட்டத்தில் சிவப்பு இல்லாத விமானம்

உன்னை எழுப்பவில்லை. நேரில் சொல்ல எனக்கு முகமில்லை. முட்டை வேகவைத்து மூடி வைத்திருக்கிறேன்.

நேற்று வீட்டுக்கு வந்த எங்கள் மேலாளர், நீ செய்த இரண்டாம் உலகப் போர்க்கால ஹரிகேன் விமான மாடலைப் பார்த்து, "நீங்க செஞ்சதா?" என்றபோது வாய் கூசாமல் "ஆமா சார்" என்றுவிட்டேன். இறக்கையில் இந்திய விமானப் படை வட்டத்தில் ஏன் சிவப்பே இல்லை என்று கேட்டார். திருதிருவென்று விழித்தேன். சமையலறை வாசலில் நின்றபடி நீதான் மெல்லச் சொன்னாய்: "சிவப்பு இருந்தா ஜப்பான் விமானம்னு நம்ம ஆளுங்களே சுட்டுடுவாங்க." அதையும் என் சரக்கு மாதிரி அவரிடம் ஒப்பித்தேன். வட்டத்துக்குப் பூசிய நீலப் பெயின்ட் உன் விரலில் காயக்கூட இல்லை.

அவர் போனதும், "நல்லாப் பேசினீங்க" என்றாய். அதற்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

காலையில் அவருக்கு போன் போட்டு உண்மையைச் சொல்லிவிட்டேன். சாயங்காலம் மறுபடி வருகிறார், உன்னைப் பார்க்க. டீ நான் போடுகிறேன், நீ உட்கார்ந்து பேசு.

சாவி ஜன்னலோரம்.

இன்னொன்று. அவர் கோபப்படவில்லை. "உங்க மனைவியை ஏன் உள்ளேயே நிக்க வெச்சீங்க?" என்று மட்டும் கேட்டார்.