சமமாக வைத்த பாதங்கள்

வள்ளி,

லீவில் வரும் சேதுபதியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். சாரம் சரிந்தது, அது இது என்று அவன் ஏதாவது சொன்னால் பாதியைக் கழித்துக்கொள். மூன்று வாரமாக நான் வீடியோவில் வரவில்லை என்று உனக்குக் கோபம். ருவைஸ் கேம்பில் நெட் மோசம், அவ்வளவுதான்.

என் ரூமில் இருக்கும் இலங்கைக்காரன் சுனில் தன் கீழ்க் கட்டிலை எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறான். பக்கத்துச் சுவரில் அவன் ஊர்க் கோயில் படம். இரண்டு தென்னை மரத்தைப் படுக்கப்போட்ட நீளத்துக்கு ஒரு சிலை, ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. பள்ளிகொண்ட பெருமாள் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். "ஆதிசேஷன் எங்கே?" என்று வேறு கேட்டுவிட்டேன். சுனில் விழுந்து விழுந்து சிரித்தான். இங்கே யார் யாரைக் கூப்பிட்டாலும் 'பாய்'தான், அண்ணன் என்கிற மாதிரி.

"இது புத்தர், பாய். பாதத்தைப் பாருங்க. ரெண்டும் சமமா இருந்தா சும்மா படுத்திருக்கார். ஒண்ணு பின்னால தள்ளியிருந்தா உயிர் பிரிஞ்சாச்சு."

அன்றிலிருந்து தினமும் டியூட்டிக்குக் கிளம்புமுன் என் போர்வையை விலக்குகிறான். மாவுக்கட்டுப் போட்ட காலை மெல்லத் தூக்கி, மற்ற காலோடு சேர்த்து வைக்கிறான். "சமமா இருக்கு, பாய்" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுகிறான்.

அதனால் தைரியமாக இரு. நான் சும்மாதான் படுத்திருக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்