கட்டம் கட்டமாக ஒரு முகம்

மார்ச் 4, திங்கள்

மனைவியை வரைகிறேன்; இடது கண் முடிந்தது. வரைபட அலுவலகத்தில் சரிபார்ப்பவனாக இருந்தபோது செய்ததையேதான் இப்போதும் செய்கிறேன். சதுரத் துளை போட்ட தடித்தாளால் மற்றதையெல்லாம் மூடிவிட்டு, தெரிகிற கட்டத்தை மட்டும் பார்ப்பது. கவனம் சிதறாது. ஓவியர்கள் இப்படிச் செய்வார்களா, தெரியவில்லை. ஓவியன் என்று சொல்லிக்கொள்ளவே எனக்கு நாக்கு கூசுகிறது.

அவள் உட்காரும் முன் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். ஓய்வுபெற்ற பிறகும் பிடித்துக்கொண்டிருந்த ஆலோசகர் வேலையை விட்டாயிற்று, இனி முழுநேரமும் ஓவியம்தான் என்று. "ம்" என்றாள். அப்பாடா என்றிருந்தது. பிறகு கொஞ்சமும் அசையாமல் உட்கார்ந்தாள். நல்ல ஒத்துழைப்பு.

மார்ச் 5, செவ்வாய்

மைத்துனன் வந்தான். "அத்தான், அக்காவை அசையாம, பேசாம உக்கார வெச்ச முதல் ஆள் நீங்கதான். அந்த வித்தையை எனக்கும் சொல்லிக் குடுங்க" என்றான். நான் மட்டும் சிரித்தேன்.

மார்ச் 11, திங்கள்

வலது கண். வேலையைத் தொடங்கியதும் மகளிடமிருந்து போன். உண்டாகியிருக்கிறாளாம். அதற்குப் பிறகு இவள் தானாகவே சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணைப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

மார்ச் 15, வெள்ளி

வாய் ஒருவழியாக முடிந்தது. பேசாதே என்றால் பேசுகிறாள், பேசு என்றால் மூடிக்கொள்கிறாள்.

மார்ச் 19, செவ்வாய்

மூடியிருந்த தடித்தாளை எடுத்துவிட்டு முழுப் படத்தையும் பார்த்தேன்.

என்ன செய்து வைத்திருக்கிறேன்? ஒவ்வொரு கட்டமும் சரி. திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன், ஒரு கோடுகூடத் தப்பில்லை. ஆனால் முகம்... வலது கண் சிரிக்கிறது. இடது கண் என்னை மன்னிக்கவே போவதில்லை என்கிறது. வாய் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறது. யார் இவள்?

உட்கார்ந்துவிட்டேன். இதற்கா வேலையை விட்டாய்? இந்த வயசில் உனக்கு எதுக்குய்யா இதெல்லாம்?

படத்தைச் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன். அலுவலகத்துக்குப் போன் செய்தேன். என் இடத்தில் இன்னும் ஆள் போடவில்லையாம். ஒன்றாம் தேதி வரச் சொன்னார் மேலாளர். சரி என்றேன்.

மார்ச் 20, புதன்

அவள் படத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டாள். நான் குளித்துவிட்டு வரும்போது அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"இந்தக் கண்ணு என்னிக்கிப் போட்டது?"

வேலையை விட்டதைச் சொன்ன திங்கட்கிழமை என்றேன்.

"சரியாத்தான் போட்டிருக்கீங்க."

படத்தை அழித்துவிடுகிறேன், திரும்ப வேலைக்குப் போகிறேன், பேசியாகிவிட்டது என்று உளறினேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"அதையும் நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா? விட்டதையும் சொன்னீங்க, போறதையும் சொல்றீங்க. எப்பவாவது கேட்டீங்களா?"

மார்ச் 21, வியாழன்

அந்த "ம்"-ஐச் சம்மதம் என்று எப்படி எடுத்துக்கொண்டேன்?

மார்ச் 22, வெள்ளி

சமையலறை வாசலில் நின்று கேட்டுவிட்டேன். "நான் வரைஞ்சுக்கிட்டே இருக்கட்டுமா?" தேர்வு முடிவுக்கு நிற்பவன் மாதிரி நின்றேன். என்ன பதில் வரும் என்று தெரியாமல் அவளிடம் எதையாவது கேட்டிருக்கிறேனா இதுவரை?

கையைத் துடைத்துக்கொண்டே, "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

மார்ச் 24, ஞாயிறு

இன்னும் சொல்லவில்லை. நானும் நச்சரிக்கவில்லை.

மார்ச் 26, செவ்வாய்

காலையில் எழுந்து பார்த்தால் படம் முன்னறைச் சுவரில் தொங்குகிறது. நான் மாட்டவில்லை. மைத்துனன் வந்தவன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து பார்த்துவிட்டு, "அக்கா, எங்க உக்காந்தாலும் நீ பாதி முறைக்கிற" என்றான். "பாதியோட போச்சேன்னு சந்தோஷப்படு" என்றாள்.

மத்தியானம் போன் அடித்தது. நான் எழுவதற்குள் அவள் எடுத்துவிட்டாள். மேலாளர் போலிருக்கிறது, ஒன்றாம் தேதியைப் பற்றி.

"இல்லைங்க, வரமாட்டார்" என்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கையில் தினசரியோடு சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.

"வரைஞ்சுக்கிட்டிருக்கார்" என்றாள்.