அப்பாவின் போனுக்குப் போகும் ஓடிபி

புதன், இரவு

பிள்ளைகள் கடவுச்சொல்லை மறக்கிறார்களே என்று, கல்லூரி மின்நூலகத்துக்கு ஓடிபி முறையைக் கொண்டுவந்தவன் நான். அப்படியும் யாரும் வரவில்லை. "மாணவர்களுக்கு வாசிப்பில் ஆர்வமில்லை" என்று இன்று காலை, வெளியூர் போயிருந்த முதல்வரின் மேசையில் கடிதம் வைத்தேன்.

மதியம் இரண்டாமாண்டு தாரணி வந்தாள்.

"ஓடிபி எங்கப்பா போனுக்குப் போவுதுங்க சார். தறிச் சத்தத்துல நான் கூப்புட்டாலும் அவருக்குக் கேக்காதுங்க."

சேர்க்கைப் படிவத்திலிருந்த எண்களை அப்படியே ஏற்றியிருக்கிறேன். பெரும்பாலும் பெற்றோர் எண்கள்.

"முன்னாடியே சொல்லக்கூடாதா சாமி?"

"சொன்னேனுங்க. ஆன்லைன்ல புகார் போடச் சொன்னீங்க. அதுக்கும் ஓடிபி கேட்டுச்சுங்க."

அசதியாக இருக்கிறது. தூக்கம்தான் வரவில்லை. நாளைக் காலை முதல்வர் வந்து பிரிப்பதற்குள் அந்தக் கடிதத்தை எடுத்துவிட வேண்டும்.