துப்பாக்கி இல்லாத போலீஸ்காரனின் தாய்க்கு

என் செல்லத் தங்கச்சி ராசாத்திக்கு,

உன் மகன் குமார் ஓய்வு பெற்றுவிட்டான். சின்ன வயதில் நீ அழுதுகொண்டே சீமைக்கு அனுப்பிவைத்தவன். தெருவில் ரோந்து சுற்றும் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, துப்பறியும் பிரிவில் படிப்படியாக ஏறி, சீஃப் சூப்பரிண்டெண்டெண்டாக வேலையை முடித்திருக்கிறான். லண்டனில் விருந்து வைத்து அனுப்பினார்களாம். கேட்க நீதான் இல்லை.

அவன் சீருடைப் படத்தைத் நம் தாமுவே பேட்டை முழுக்கக் காட்டித் திரிந்தாயே, நினைவிருக்கிறதா? "எம் மவன் துப்பாக்கி இல்லாத போலீஸு" என்றாய். டீக்கடை கனி பாய் விட்டாரா? "அப்ப வாட்ச்மேன்னு சொல்லும்மா!" அதற்குப் பிறகு வெகுநாள் அந்தக் கடை டீயை நீ தொடவில்லை.

அந்தப் படம் இன்னும் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில்தான் தொங்குகிறது. பட்டாளம் ஆட்சியைப் பிடித்த பிறகு காலம் சரியில்லை, வெளிநாட்டுப் போலீஸ் படம் வம்பு, இறக்கிவிடுங்கள் என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். மாட்டேன்.

ஆனால் அவனே வருகிறேன் என்கிறான், ராசாத்தி. உன் வருஷத் திதியை இங்கே வந்து தன் கையால் செய்ய வேண்டுமாம். நீயும் கடைசியாக அதைத்தானே கேட்டாய்? இராத் தங்கும் விருந்தாளியின் பேரையும் தொழிலையும் வார்டு ஆபீசில் சொல்லியாக வேண்டும். என்ன தொழில் என்று சொல்வேன்? வழியில் பட்டாளத்தார் வண்டியை நிறுத்தினால் நாமெல்லாம் தலையைக் குனிந்துகொள்வோம். அவன் குனிவானா?

"பயப்படாதீங்க மாமா, போலீஸ்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்று சிரிக்கிறான்.

ஆபத்து என்று சொன்னால் கேட்க மாட்டான். ஆபத்து இருக்கும் இடத்துக்குப் போய்ப் போய்த்தானே பதவி உயர்ந்தான். அதனால் நேற்று போனில் ஏசிவிட்டேன். "ஆத்தா செத்தன்னைக்கு வராதவன் திதிக்கு எதுக்குடா வர்றே? என் வாசப்படிய மிதிக்காதே!" அன்றைக்கு விமானம் கிடைக்காமல் அவன் அழுதது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். எல்லோரிடமும் முறைத்துக்கொள்பவன் நான் என்று ஊருக்கே தெரியும். நம்பிவிடுவான் என்று நினைத்தேன்.

பொய் சொல்பவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவன் அவன். அதற்காகவே கேமராவை விரலால் மூடிக்கொண்டு பேசினேன். அவன் மெதுவாகச் சொன்னான்:

"மாமா, மூஞ்சியக் காட்டுங்க."

போனை வைத்துவிட்டேன். கண்டுபிடித்துவிட்டானோ? இப்போது போன் அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம்.

அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான், பள்ளிக்கூடம் போகாமல் நானே கற்ற தமிழில் இதை ஊரறிய எழுதுகிறேன். படிப்பவர்கள் யாரும் அவனிடம் சொல்லிவிட வேண்டாம்.

கியாக்தான் ஆற்றங்கரையில் எள்ளும் தண்ணீரும் நானே இறைக்கிறேன், தங்கச்சி. மகன் கை இல்லையே என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. அவன் அங்கே பத்திரமாக இருந்துகொண்டு என்னை வெறுக்கட்டும். காலம் நேராகிற அன்றைக்கு நானே கூப்பிட்டு, அவனுக்கு என் முகத்தைக் காட்டுவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் முறைப்புக்கார அண்ணன்