பழைய பூட்டே இருக்கட்டும்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முட்டிவலி தேவலையா? போனில் பேசினால் பாதி உங்கள் காதில் விழுவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு கூத்து. எங்கள் ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் புதுப்பெயர் வைத்தோம். நான் கம்பெனி வெப்சைட்டின் பெயரையே அதற்கும் வைத்துவிட்டேன். மறுநாள் ஆபீஸில் ஒருவருக்கும் வெப்சைட் திறக்கவில்லை. என் போனில் மட்டும் திறந்தது. "எனக்கு நல்லாத்தானே வருது, உங்க கம்ப்யூட்டரைப் பாருங்க" என்று மதியம்வரை எல்லோரையும் விரட்டினேன். என் போன் ஓடுவது ஆபீஸ் நெட்டில் இல்லை, சொந்த சிம்மில் என்பது அப்புறம்தான் உறைத்தது.

வெப்சைட் இருப்பது ஆபீஸுக்கு வெளியே, வேறோரிடத்துக் கம்ப்யூட்டரில். பெயர் ஒன்றாகிவிட்டதால் ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் அதை ஆபீஸுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தன. வெளியே போகும் வழியை நெட்வொர்க் செட்டிங்கில் ஒரு வரியாக எழுதிச் சேர்த்தேன், சரியாகிவிட்டது. "ஊருக்கெல்லாம் திறக்குது, வீட்டு ஆளுங்களுக்குத்தான் திறக்கலையாம்மா?" என்று மேலாளர் சிரித்தார். வேலைக்கு ஆபத்தில்லை, பயப்படாதீர்கள். நானும் சிரித்தேன். அறைக்கு வந்தபிறகு ஏனோ சிரிப்பு வரவில்லை.

அம்மாவின் கண்ணாடிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டைப் படமெடுத்து அனுப்புங்கள். என் உடுப்புகளைத் தங்கை போட்டுக்கொள்ளட்டும், நீலத்தை மட்டும் விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

வாசல் பூட்டு மக்கர் பண்ணுகிறது, மாற்றப்போகிறோம் என்றாள் அம்மா. வேண்டாம் அப்பா, கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பாருங்கள். பஸ் வருகிறது, முடிக்கிறேன். அந்தப் பூட்டின் சாவி இன்னும் என் கொத்தில்தான் இருக்கிறது. இந்த அறையைத் திறக்கப் போனால், தினமும் முதலில் அதுதான் கையில் வருகிறது.

உங்கள்
பெரியவள்